பரண் பலகைகள்

மாதேஸ்வரன் அந்த வீட்டுக்குப் போனது ஒரு கதவைப் பார்க்கத்தான். பாகலூருக்கு வெளியே, ரோட்டை அகலப்படுத்துவதற்காக இடிபடப்போகிற வீடு ஒன்றில் பழைய பலாமரக் கதவு இருப்பதாக ஒரு தரகர் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் கதவு பலாவும் இல்லை, பழையதும் இல்லை. கிளம்பப் போனவனை வீட்டுக்காரர் வெங்கடப்பன் விடவில்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு வாய் மோர் குடிக்காம போவியா? உள்ள வாப்பா."

சமையலறையில் அவர் மனைவி ராஜாத்தியம்மா மோர் கலக்கிக்கொண்டிருந்தார். மாதேஸ்வரன் சுவரில் சாய்ந்து நின்று சும்மா மேலே பார்த்தான்.

விறகடுப்புக்கு நேர் மேலே பரண். அதன் பலகைகள் கரி பிடித்துக் கன்னங்கரேலென்று கிடந்தன. ராகி மூட்டைகளை ஏற்றி இறக்கியதில் ஒரு பலகையின் ஓரத்தில் மட்டும் கரி தேய்ந்து மரம் வெளியே தெரிந்தது. கையகல இடம்தான். அதில் ரேகை நேராக ஓடாமல் நெளிந்து நெளிந்து ஓடியது. அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தபோது நெளிவுகள் இருண்டன. மறுபக்கம் சாய்த்தபோது இருண்ட இடமெல்லாம் மினுங்கியது.

"இது என்ன மரங்கய்யா?"

"எது, பரணா? மாமரம். எங்க கெணத்து மேட்டுல நின்னது. பையன் பள்ளிக்கூடம் போய்க்கினு இருந்தப்ப காத்துல சாஞ்சிடுச்சு. மாம்பலகைய யாரு வாங்கறாங்க? அறுத்து பரணுக்குப் போட்டேன். பொகை படற எடத்துல பூச்சி அண்டாது பாரு."

மோர்ச் சொம்பை வாங்கியவன் குடிக்க மறந்து நின்றான்.

மாதேஸ்வரன் கிடார் செய்கிறவன். ஓசூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் பேட்டர்ன் ஷாப்பில், இரும்பை ஊற்றுகிற அச்சுகளுக்கு மர மாதிரி செதுக்கிக்கொண்டிருந்தவன், அந்த வேலையை விட்டு வந்து பாகலூர் ரோட்டில் தகர ஷெட் ஒன்று போட்டிருந்தான். பெங்களூரில் வாசிக்கிறவர்கள் அவனைத் தேடி வந்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாமரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இப்படி அலையோடுகிற மரம் எங்கோ ஒன்றுதான் இருக்கும். நிற்கிறபோது பட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, அறுத்தால்தான் தெரியும். அறுத்தாலும் உடனே உதவாது, வருஷக்கணக்கில் காய வேண்டும். மாமரம் காய்வதற்குள் பூச்சி முந்திக்கொள்ளும். இந்தப் பலகைகளோ அடுப்புப் புகையில் பூச்சி தொடாமல், வளையாமல், முறுக்காமல் காய்ந்து கிடந்தன. இதையெல்லாம் அவன் சொன்னபோது வெங்கடப்பன் சிரித்தார்.

"நாங்க பாட்டுக்கு மூட்டை அடுக்கி வெச்சிருக்கோம். ஏ ராஜாத்தி, கேட்டியா?"

அவரே ஏணி போட்டு ஏறி, ஓரத்துப் பலகை ஒன்றைப் பெயர்த்துக் கொடுத்தார். காசைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "மொதல்ல இது வேலைக்கு ஆவுதான்னு பாரு, அப்பறம் பேசலாம்" என்று கையமர்த்திவிட்டார்.

ஷெட்டில் கரியைச் சீவி எடுத்து, பலகையை மெல்லிய ஏடுகளாக அறுத்து, இரண்டு ஏடுகளைப் புத்தகம் விரித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தான் மாதேஸ்வரன். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அலை ஒரே மாதிரி விரிந்து போனது. கிடாரின் முதுகுக்கு இதைவிட வேறு வேண்டாம். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிற யுவஸ்ரீ என்ற பெண் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே சொன்னாள்: "இதுலதான் எனக்கு வேணும்." ஆனால் அந்தப் பலகையில் மீதி இருந்தது ஆணி ஓட்டை விழுந்து வெடித்த துண்டு. இடுப்பு மாதிரி வளைந்து வருகிற பக்கப் பலகைகளுக்கு நீளமாக, வெடிப்பில்லாத மரம் வேண்டும். அதுவும் இதே மரத்திலிருந்து.

வெங்கடப்பன் ஒரு நாள் டிவிஎஸ் வண்டியில் தானே ஷெட்டுக்கு வந்தார். இழைத்து வைத்திருந்த முதுகுப் பலகையை உள்ளங்கையால் நெடுகத் தடவினார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தடவினார்.

"இதுவா எங்க பரண்ல கெடந்தது?"

"அதேதாங்கய்யா."

"சண்டாளி. இத்தனை வருசம் கரிய பூசிக்கினு கெடந்திருக்கா பாரு." பலகையைப் பார்த்து மேஜையில் வைத்தார். "மீதி எல்லாம் உனக்குத்தான். இப்ப ராகி மூட்டை மேல இருக்குது. புது வீட்டு வேலை முடியட்டும், மூட்டைங்கள அங்க மாத்திட்டு, பரணைப் பிரிச்சு நானே அனுப்பி வெக்கறேன். வேற யாருக்கும் போவாது."

"நானே வந்து எடுத்துக்கறேங்கய்யா. நீங்க ஒரு போன் பண்ணுனா போதும்."

"பண்றேன். செஞ்சு முடிச்சதும் கொண்டாந்து காட்டணும். மாமரம் என்னா சத்தம் போடுதுன்னு நானும் கேக்கறேன்."

அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த பேச்சு. அவசரப்படுத்த மாதேஸ்வரனுக்கு மனமில்லை. அவனுடைய ஷெட்டில் மழைக்காலத்தில் ஈரம் ஏறும். புகையடிக்கிற பரணைவிடப் பத்திரமான இடம் அந்தப் பலகைகளுக்கு வேறு இல்லை என்று அவனும் நினைத்தான்.

போன் வரவில்லை. இவன் கூப்பிட்டபோது எடுக்கவில்லை, பிறகு ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. புது வீட்டு வேலையில் அலைகிறார் போலிருக்கிறது, பலகைக்காக நச்சரித்தால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டான். யுவஸ்ரீ இரண்டாம் முறை கேட்டபிறகுதான் நேரில் போனான்.

வீடு இருந்த இடத்தில் செம்மண்ணும் செங்கல் பொடியும் கிடந்தன. பின்னால் புது வீடு பூச்சு முடியாமல் நின்றது. வாசலில் தொழிற்சாலைச் சீருடையோடு ஓர் இளைஞன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வெங்கடப்பனின் மகன் ஆனந்தராஜ்.

"நான் கிடார் செய்யறவன். ஐயா இருக்காருங்களா?"

"ஓ, நீங்களா? ஒரு பலகை வாங்கிக்கினு போனீங்கன்னு அப்பா சொல்லியிருக்காரு. உள்ள வாங்கண்ணா. அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. பக்கவாதம். பெங்களூர் ஆஸ்பத்திரியிலதான் வெச்சிருந்தோம். இப்பதான் ஒரு மாதிரி வீட்டுக்குக் கூட்டியாந்தோம்."

மாதேஸ்வரன் விசாரித்தான், ஆறுதலாக ஏதோ சொன்னான். பிறகும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் பரண் பலகைங்க..."

"எதுண்ணா? பழைய மரமா? இடிக்க வந்தவங்களுக்கே எல்லாத்தையும் ஒண்ணா குடுத்துட்டோம். ரோட்டுக்காரங்க சீக்கிரம் காலி பண்ணுங்கன்னு நின்னாங்க. அப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் மொத வேலையா அதத்தான் முடிச்சோம்."

"ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேங்கண்ணா. மரத்தையெல்லாம் குடுத்துடலாமாப்பான்னு கேட்டேன். சரின்னாரு."

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "சரி! சரி சரி!" கூடவே கட்டில் சட்டத்தில் கை மோதுகிற ஓசை.

உள்ளே போனார்கள். வெங்கடப்பன் ஜன்னலோரம் படுத்திருந்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை போர்வைமேல் வைத்த இடத்திலேயே கிடந்தது. மாதேஸ்வரனைப் பார்த்ததும் இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலம் இருந்தது.

"அந்த ஒத்தை வார்த்தைதான் தம்பி மிச்சமிருக்குது," என்றார் ராஜாத்தியம்மா. "தண்ணி வேணும்னாலும் சரிங்கறாரு, வேணாம்னாலும் சரிங்கறாரு. கோவம் வந்தாலும் அதான். டாக்டரு போவப் போவ வேற வார்த்தை வரும்னாரு. வரல."

வெங்கடப்பன் அவன் கையை விட்டு, விரலை மேலே நீட்டினார். மேலே காங்கிரீட் தளமும் ஃபேனும்தான் இருந்தன. "சரி," என்றார். பிறகு வாசல் பக்கம் நீட்டினார். "சரி சரி."

"ஃபேனைப் போடணுமா?" என்று ராஜாத்தியம்மா ஸ்விட்சுக்குப் போனார். வெங்கடப்பன் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பலகைய சொல்றாருங்கம்மா," என்றான் மாதேஸ்வரன். "பரண் பலகைய எனக்குத் தரேன்னு சொல்லியிருந்தாரு."

வெங்கடப்பன் கை அடங்கியது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனந்தராஜ் கதவோரம் நின்றபடி ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னைக்கும் இப்படித்தாங்கண்ணா. லாரில மரத்தை ஏத்தறப்ப இந்த ஜன்னல் வழியா பாத்துக்கினே கட்டிலத் தட்டுனாரு. பொறந்து வளர்ந்த வீட்டை இடிக்கறாங்களேன்னு தாங்கலன்னு நெனச்சேன்." எதிர்ச் சுவரைக் காட்டினான். "நானும் இன்னொருத்தரும் கட்டிலத் தூக்கி அந்தப் பக்கமா திருப்பிப் போட்டுட்டோம். பாக்காம இருக்கட்டும்னு. செவுத்தப் பாத்துக்கினே தட்டிக்கினு இருந்தாரு."

பிறகு ஆனந்தராஜ் போனை எடுத்து, வேலைக்கு வரமுடியாது என்று யாருக்கோ சொன்னான்.

"வாங்கண்ணா. எங்க போயிருக்குதுன்னு பாத்துடலாம்."

வீட்டை இடித்தவர் பக்கத்து ஊர்தான். செங்கல்லையும் ஓடுகளையும் வைத்துக்கொண்டு, மரத்தை ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மர டிப்போவில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். டிப்போக்காரர் தேக்கு ஜன்னல்களை எடுத்துக் காட்டினார். மாம்பலகைகளைப் பற்றிக் கேட்டதும், "அது இங்க நிக்காதுங்களே. மாமரம் வந்தா அன்னைக்கே பேக்கிங் கம்பெனிக்குப் போயிடும். அவங்களுக்குத்தான் அது வேணும்" என்று ஒரு நம்பர் கொடுத்தார். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரன் அந்த நம்பரை அழைத்துக்கொண்டே வந்தான். எதிர்முனையில் மரம் அறுக்கிற இரைச்சல்தான் கேட்டது.

சிப்காட்டின் பின்புறத் தெரு ஒன்றில் இருந்தது அந்த நிறுவனம். தொழிற்சாலைகளிலிருந்து ஏற்றுமதியாகிற மெஷின்களுக்கு மரப்பெட்டி அடித்துக் கொடுக்கிற இடம். ஷிப்ட்டைக் கவனிக்கிற பூங்கொடி காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"கரி பிடிச்ச பலகையா? ஆமா, வந்துச்சு. அத மறக்க முடியுமா? பிளேனர்ல வுட்டு இழைச்சா செதில் செதிலா பிச்சுக்கினு வருது சார். ரேகை ஒரு பக்கமா இல்ல, எல்லாப் பக்கமும் ஓடுது. ஒரே டிஃபெக்ட்டு. பிஞ்ச பக்கத்த உள்ள வெச்சு அடிச்சுடுங்கன்னு சொன்னேன்."

"அடிச்சிட்டீங்களா?" என்றான் மாதேஸ்வரன்.

"அடிச்சு, மெஷின் ஏத்தி, மூடியாச்சு. அதோ, லோடாவுது பாருங்க."

கன்டெய்னர் லாரியின் பின்கதவு திறந்திருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஒரு பெரிய பெட்டியை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் சாதாரண மரச்சட்டங்களுக்கு நடுவே நான்கைந்து சட்டங்கள் தனியாகத் தெரிந்தன. வெயில் சாய்வாக விழுந்தபோது அவற்றில் அலை ஓடியது. பெட்டி நகர நகர அலையும் நகர்ந்தது.

"இதுவாண்ணா?" என்றான் ஆனந்தராஜ். பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் அந்தப் பரணின் கீழேதான் சாப்பிட்டான். இப்போதுதான் அதைப் பார்க்கிறான்.

மாதேஸ்வரன் பூங்கொடியிடம் கெஞ்சினான். அந்தச் சட்டங்களை மட்டும் கழற்றித் தந்தால், புது மரம் வாங்கி வந்து, தானே அளவெடுத்து அடித்துக் கொடுப்பதாகச் சொன்னான்.

"சார், உள்ள மெஷின் இருக்குது. ஈரம் போவாம கவர் போட்டு காத்த உறிஞ்சு பேக் பண்ணியிருக்கோம். பூச்சி இல்லன்னு மரத்த சூடு பண்ணி முத்திரை குத்தியாச்சு. இனிமே நான் ஒரு ஆணியப் புடுங்கினாலும் மெட்ராஸ் போர்ட்ல நிறுத்திடுவாங்க." பூங்கொடி குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் வந்திருந்தீங்கன்னா ஸ்டாக்குல இருந்தே எடுத்துக் குடுத்திருப்பேன். எனக்கு எந்தப் பலகையா இருந்தா என்ன?"

"வெட்டினதுல துண்டு ஏதாச்சும்?"

"கட்டிங் துண்டெல்லாம் லேடீஸ் அடுப்புக்கு எடுத்துக்கினு போயிடுவாங்க சார்."

அவர் மாதேஸ்வரன் முகத்தைப் பார்த்தார். "அதுல அப்படி என்ன சார் இருந்துச்சு?"

"கிடார் செய்யலாங்க," என்றான். பூங்கொடி தலையாட்டிவிட்டு, "ஏப்பா, பாத்து ஏத்துங்க, இடிச்சிடாதீங்க" என்று லோடு ஏற்றுகிறவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். தன்னால் முடிந்த உதவியாக அதைச் செய்தார் போலிருந்தது. கதவு சாத்தப்பட்டு, சீல் வைக்கப்பட்டு, லாரி புறப்பட்டது. தெரு முனையில் திரும்புகிறவரை இருவரும் நின்று பார்த்தார்கள். பின்னால் ஓடுவதற்குக்கூட ஒரு காரணம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆனந்தராஜ் ஷெட்டுக்கு வந்தான். பைக்கின் பக்கவாட்டில் ஒரு பலகையைக் கட்டியிருந்தான். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

"கெடச்சிடுச்சுண்ணா! ஒண்ணு தப்பிச்சிருக்குது. புது வீட்டு வேலை ஆளுங்க சிமென்ட் தள்ளுவண்டி ஏத்தறதுக்கு சாய்வாப் போட்டுட்டு அப்படியே மண்ணுல வுட்டுட்டுப் போயிருக்காங்க. நேத்துதான் தோண்டி எடுத்தேன்."

மாதேஸ்வரன் பலகையை மேஜையில் வைத்தான். ஒரு முகத்தில் சிமென்ட் இறுகியிருந்தது. தள்ளுவண்டியின் பாரம் மாற்றி மாற்றி ஏறியதில், தலைமாடு முதல் கால்மாடுவரை நீளவாக்கில் மூன்று வெடிப்பு. மண் ஈரம் உள்ளே இறங்கிப் பலகை முறுக்கிக்கொண்டிருந்தது. தட்டிப் பார்த்தான். உடைந்த சட்டி மாதிரி ஒலித்தது.

"போதுமாண்ணா இது?"

அவன் அதை எங்கெல்லாம் தேடியிருப்பான் என்று மாதேஸ்வரன் யோசித்தான். நகக்கண்களில் சிமென்ட் இருந்தது.

"போதும்," என்றான்.

அந்த ஒரு சொல் ஆனந்தராஜோடு வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் ராஜாத்தியம்மா போன் செய்தார். "தம்பி, பலகை கெடச்சிடுச்சுன்னு பையன் சொன்னதும் நேத்து ரெண்டு உருண்டை களி சாப்பிட்டாருப்பா. கட்டிலத் தட்டறதே இல்ல. உனக்குப் புண்ணியமாப் போவும்." மாதேஸ்வரன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். அவரோ அதற்குள் அழத் தொடங்கியிருந்தார்.

அவன் முயன்று பார்க்காமல் இல்லை. வெடிப்புகளுக்கு இடையில் கிடைத்த மட்டும் பட்டையாக அறுத்தான். நனைத்து, சூடான குழாயில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வளைத்தான். முதல் பட்டை இடுப்பு வளைவில் சடக்கென்று ஒடிந்தது. அடுத்ததை இன்னும் மெல்லியதாக இழைத்தான். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று அலையோடு அலையாகப் போயிருந்தது. அதே இடத்தில் அதுவும் போனது. மூன்றாவதற்கு மரம் இல்லை.

யுவஸ்ரீக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னான். அவள் யோசித்து, "பக்கம் வேற மரமா இருந்தா பரவாயில்லைங்க. சவுண்ட் நல்லா வந்தா போதும்" என்றாள். டிப்போவில் காய்ந்த சாதாரண மாம்பலகை வாங்கி, நிறம் ஒத்துப்போகிற மாதிரி சாயம் கொடுத்துப் பக்கங்களைச் செய்தான். தெரியாதவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கிடார் நன்றாகவே வந்தது.

யுவஸ்ரீக்குக் கொடுப்பதற்கு முன்னால் பாகலூருக்கு எடுத்துப்போனான். கேட்டிருந்தாரே என்பதற்காகத்தான் போனான். போகாமல் இருந்தால் தேவலை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டும் போனான்.

ஆனந்தராஜ் அப்பாவை நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை வைத்தான். மாதேஸ்வரன் தனக்குத் தெரிந்த அளவில் தந்திகளை மீட்டினான். வெங்கடப்பன் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு இடது கையை நீட்டினார். கிடாரைத் திருப்பி அவர் மடியில் வைத்தார்கள். முதுகுப் பலகையை, அன்று ஷெட்டில் செய்த மாதிரியே, நெடுகத் தடவினார். இழுத்த முகத்தில் ஒரு பாதி சிரித்தது. கை வழுக்கிக்கொண்டு பக்கப் பலகைக்கு இறங்கியது. அங்கே நின்றது.

விரல்கள் அந்த இடத்தை மறுபடியும் தேய்த்தன. நகத்தால் சுரண்டினார். நிமிர்ந்து மாதேஸ்வரனைப் பார்த்தார்.

"சரி?" என்றார். பிறகு பக்கப் பலகையைத் தட்டி, உரக்க, "சரி. சரி சரி சரி."

"பாத்தீங்களாண்ணா," என்றான் ஆனந்தராஜ், கண் கலங்க. "அவருக்கு ரொம்பப் புடிச்சிருக்குது."

மாதேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் கேட்கிறாரா, திட்டுகிறாரா, பரவாயில்லை விடு என்கிறாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், மகன் பக்கத்தில் நிற்கும்போது சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவரை அந்தப் பார்வை அவன் மேலிருந்து இறங்கவில்லை.

சாயங்காலம் யுவஸ்ரீ கிடாரை வாங்கி வாசித்துப் பார்த்தாள். அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் காட்டினாள்.

"என் தம்பி பார்த்தா விடமாட்டான். அவனுக்கும் இதே மரத்துல ஒண்ணு செஞ்சு தருவீங்களா?"

"அந்த மரம் இல்லைங்க," என்றான் மாதேஸ்வரன். "வேற மரத்துல செஞ்சு தரேன்."

அவள் சரியென்று தலையாட்டிவிட்டு, சுருதி சேர்க்கக் குனிந்தாள்.